பதினான்காம் நாள் கையெழுத்து

“அம்மா, இந்தத் தாத்தாவும் ஒண்ணாங் கிளாஸா?”

என் மகள் இதைக் கேட்டபோது கிளினிக்கில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். பள்ளி விட்டதும் நேராக என்னிடம் வந்து, பையை வரவேற்பு மேசைக்கு அடியில் தள்ளிவிட்டு, மேசை விளிம்பில் முகவாயை ஊன்றிக்கொண்டு வருவோர் போவோரை வேடிக்கை பார்ப்பது அவள் வழக்கம். அன்று அவள் கண்ணெதிரே ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் வருகைத் தாளில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. பேனாவை ஐந்து விரல்களாலும் பொத்திப் பிடித்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, பெயரின் முதல் எழுத்தை அவர் இழுத்து முடிப்பதற்குள் சுவர்க் கடிகாரத்தின் பெரிய முள் இரண்டு கோடுகளைத் தாண்டிவிட்டது. எழுத்து தன் கட்டத்தை விட்டு வெளியேறி மறுநாளின் கட்டத்தில் போய்க் கால் நீட்டிப் படுத்துக்கொண்டது.

எனக்கு முகம் எரிந்தது. மகளின் வாயைப் பொத்தப் போனேன். அதற்குள் தபால்காரர் தலையை நிமிர்த்தினார். கோணிய வாய் இன்னும் கொஞ்சம் கோணியது.

“ஆமா பாப்பா,” என்றார் குழறலாக. “போன வருஷம் ஃபெயிலு.”

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். நோயில் விழுந்த பிறகு அவர் சிரித்து அன்றுதான் பார்ப்பதாக, அவருடைய மனைவி வெளியே போகும்போது என் கையைப் பிடித்துச் சொல்லிவிட்டுப் போனார்.

எங்களுடையது பெரிய கிளினிக் அல்ல. இரண்டு கட்டில்கள், சுவரோரம் பிடித்து நடக்க ஒரு கம்பி, கண்ணாடி, விரல்களால் அழுத்திப் பழக மாவு உருண்டைகள், ரப்பர் பந்துகள். வாசலில் மூன்று படிகள். பக்கத்திலேயே சக்கர நாற்காலிக்கான சரிவு. எதிர்மனையில் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்ததால் படிகளில் நாள்தோறும் சிமெண்டுத் தூசி படிந்துவிடும். அதைக் கூட்டும்போது எங்கள் உதவியாளர் பெண் அந்த மேஸ்திரியின் பரம்பரையையே கூப்பிட்டு விசாரிப்பாள். அவள் மெதுவாகப் பேசுவதே தெருமுனைக்குக் கேட்கும். நோயாளிகள் அவளுக்கு ‘ஸ்பீக்கர்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். பிசியோதெரபி பார்ப்பவர்தான் கிளினிக்கின் சொந்தக்காரர். “ஒண்ணு, ரெண்டு, விடாதீங்க, மூணு” என்று அவர் எண்ணுகிற தோரணையில், டாக்டர் என்ற பட்டம் போய் ‘மாஸ்டர்’ என்றே நிலைத்துவிட்டது.

மாஸ்டருக்கு ஒரு விதி உண்டு. கை விழுந்தவர்களிடம் மற்ற இடங்களில் கைநாட்டு வாங்கிக்கொள்வார்கள். இங்கே அது கிடையாது. ஒவ்வொரு நாளும் பயிற்சி முடிந்ததும் வருகைத் தாளில் அவரவரே கையெழுத்துப் போட வேண்டும். யாரும் கையைப் பிடித்து உதவக் கூடாது. எவ்வளவு நேரமானாலும் சரி, எவ்வளவு கோணலானாலும் சரி. “அதுவும் ஒரு எக்ஸர்சைஸ்தான்மா. சொந்தப் பேர எழுதறத விட ஆசையா யாரு எத எழுதப்போறாங்க?” என்பார். முதல் வாரத்தில் கோழி கிளறியதுபோல் இருப்பது, மூன்றாவது மாதத்தில் ஒரு மனிதரின் பெயராகிவிடும். அந்தத் தாள்களைத்தான் மாதாமாதம் நகலெடுத்துக் காப்பீட்டு நிறுவனத்துக்கு அனுப்புவேன். எட்டு வருடமாக என் வேலை அது.

மகள் அந்தக் கேள்வியைக் கேட்டு ஒன்றரை வருடம் கழித்துக் கடிதம் வந்தது. இரண்டு ஆண்டுகளின் கோரிக்கைகளை நிறுவனம் பரிசீலிக்கப் போகிறது. முப்பது பேரின் கோப்புகளை எடுத்து வைக்க வேண்டும். பத்து நாள் கழித்து ஓர் அதிகாரி நேரில் வருவார். ஒவ்வொரு நாளுக்கும் சிகிச்சைக் குறிப்பு, நேரம், நோயாளியின் கையெழுத்து எல்லாம் பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் எங்கள் கிளினிக்கிலிருந்து இனி எந்தக் கோரிக்கையையும் ஏற்க மாட்டார்கள்.

எங்களிடம் வருகிற பத்துப் பேரில் எட்டுப் பேர் அந்தக் காப்பீட்டை நம்பித்தான் வருகிறார்கள். அது நின்றால் அவர்கள் நின்றுவிடுவார்கள். பாதி திறந்த விரல்கள் பாதியிலேயே நிற்கும். மாஸ்டர் கடிதத்தை மூன்று முறை படித்தார். பிறகு அலமாரிச் சாவியை என் மேசைமேல் வைத்துவிட்டு உள்ளே போய் யாருக்கோ எண்ண ஆரம்பித்தார். அன்று அவர் ஏழுக்குப் பிறகு மறுபடியும் ஆறு சொன்னதாக ஸ்பீக்கர் எனக்குத் தகவல் கொடுத்தாள்.

கோப்புகளை இறக்கினோம். நூல் அறுந்தவை, துளை கிழிந்தவை, ஒருவர் கோப்பில் இன்னொருவரின் எக்ஸ்ரே. நான்கு பேருக்குப் பெரிய டாக்டரின் பரிந்துரைச் சீட்டைக் காணோம். மருத்துவமனைக்குப் போன்மேல் போன் போட்டு நகல் வாங்கினேன். மாஸ்டரின் குறிப்புகளில் பல நாட்களுக்கு நேரம் இல்லை. அதை அவர் இப்போது எழுத மறுத்துவிட்டார். “விட்டது விட்டதுதான். நேரம் குறிக்கலைன்னு தனியா ஒரு தாள்ல எழுதி மேல வை.” வேலை நிறையத்தான் இருந்தது, ஆனால் பயமாக இல்லை. பயம் பதினேழாவது கோப்பில் இருந்தது. எனக்கு அது முதல் நாளே தெரியும். அதனால்தான் அதைக் கடைசியில் எடுக்கலாம் என்று அடுக்கின் அடியில் வைத்திருந்தேன்.

தபால்காரரின் கோப்பு அது. முப்பத்தாறு நாள் சிகிச்சை. பன்னிரண்டு பன்னிரண்டாக மூன்று தவணைகள். ஒரு தவணையின் தாள் முழுமையாகப் போனால்தான் அடுத்ததற்கு அனுமதி வரும். பதினான்காம் நாள் அவருக்கு எதுவுமே சரியாக இல்லை. கம்பியைப் பிடித்து இரண்டு சுற்று நடந்தவர், மூன்றாவதில் கால் மடங்கி விழப் பார்த்தார். மேசைக்கு வந்து பேனாவை எடுத்தார். அது என் பேனா. என் அப்பா நான் வேலைக்குச் சேர்ந்தபோது வாங்கித் தந்த பழுப்பு நிற மைப் பேனா. ஒரு கோடு இழுத்தார். கை கேட்கவில்லை. இன்னொரு கோடு. “வாழ்நாள் பூரா ஊர்ப்பட்ட பேர்கிட்ட கையெழுத்து வாங்கினவன்டா நான்!” என்று தனக்குத்தானே கத்திவிட்டுப் பேனாவைச் சுவரில் எறிந்தார். அவர் மனைவி அழுதுகொண்டே அவரைச் சரிவு வழியாக அழைத்துப்போனார். பேனாவின் முள் இரண்டாகப் பிளந்திருந்தது.

மறுநாள் அவர் வந்தபோது அந்தக் காலிக் கட்டத்தைக் காட்டியிருக்கலாம். எனக்கு வாய் வரவில்லை. முந்தைய நாளை அவர் முகத்துக்கு நேரே நீட்டுவதுபோல் இருந்தது. அப்படியே நாட்கள் போயின. தவணை முடிந்து தாளை அனுப்ப வேண்டிய நாளில் அந்த ஒரு கட்டம் வெறுமையாக என்னைப் பார்த்தது. நிறுவனம் அதைத் திருப்பி அனுப்பினால் அவருடைய கடைசிப் பன்னிரண்டு நாட்கள் தள்ளிப்போகும். அப்போதுதான் கட்டைவிரல் அசைய ஆரம்பித்திருந்தது. நான் வேறொரு பேனாவை ஐந்து விரலாலும் பொத்திப் பிடித்தேன். அவர் இழுப்பதுபோலவே இழுத்தேன். நடுங்க வேண்டிய இடத்தில் நடுங்கினேன்.

கருணை என்று பேர் வைத்துவிட்டால் எந்தப் பொய்யும் கொஞ்சம் லட்சணமாகத்தான் தெரிகிறது. பொய்க் கையெழுத்துப் போட்டதைக்கூட நான் எனக்குள் மன்னித்துக்கொண்டேன். நோயாளி ஒருவரின் நடுக்கத்தை நடித்துக் காட்டினேனே, அதுதான் போகவில்லை. தினமும் கிளினிக் ஷட்டரைத் தூக்குமுன் பூட்டின்மேல் கையை வைத்து, “கடவுளே, இன்னைக்கு இந்தக் கையால யாருக்கும் கெடுதல் வரக் கூடாது” என்று சொல்வது என் பழக்கம். அந்த மாதத்துக்குப் பிறகு ‘இந்தக் கையால’ என்ற இடத்தில் குரல் கொஞ்சம் இறங்கிவிடும்.

கடிதம் வந்த மூன்றாம் நாள் மாஸ்டரின் மச்சான் வந்தார். ஏதோ கம்பெனியில் கணக்கு பார்ப்பவர். தேநீரை ஊதிக்கொண்டே கோப்புகளைப் புரட்டினார்.

“மாமா, இது ஒரே ஆளா?”

“ஒரே ஆள்தான்.”

“முப்பத்தாறு கையெழுத்து, முப்பத்தாறு தினுசு! நான் ஆடிட்டுக்கு வந்திருந்தா உங்கள உள்ள வச்சுப் பூட்டிட்டு சாவிய எடுத்துட்டுப் போயிருப்பேன்.”

“போறப்ப டீக்குக் காசு குடுத்துட்டுப் போங்க,” என்றாள் ஸ்பீக்கர், அவளுக்கு எட்டிய தாழ்ந்த குரலில். உள்ளே கட்டிலில் படுத்திருந்தவர் சிரித்தார்.

மச்சான் சளைக்கவில்லை. “சிரிங்க, சிரிங்க. வர்றவங்களுக்கு உண்மையெல்லாம் வேணாம் மாமா. ஒரே மாதிரி இருந்தாப் போதும். புதுத் தாள் அடிப்போம். இந்த முப்பது பேரையும் கூப்பிட்டு ஒரே நாள்ல உக்கார வச்சு, இப்ப போடற கையெழுத்த முதல் நாள்லேர்ந்து போட வச்சிடுவோம். ஆளு உண்மை, வந்தது உண்மை, போடறதும் அவங்களே. இதுல என்ன தப்பு?”

மாஸ்டர் உடனே வேண்டாம் என்று சொல்வார் என எதிர்பார்த்தேன். அவர் மாவு உருண்டை ஒன்றை உள்ளங்கையில் அழுத்திக்கொண்டே நின்றார். “யோசிக்கிறேன்,” என்றார்.

அன்று வீட்டுக்கு நடந்து போகையில் என் மனசு செய்த காரியத்தை இங்கே மறைக்காமல் எழுதிவிடுகிறேன். அது துள்ளியது. புதுத் தாள் வந்தால் பழைய தாள் போய்விடும். பழைய தாளோடு பதினான்காம் கட்டமும் போய்விடும். யாருக்கும் தெரியாமல் போன ஒன்று, எனக்கும் தெரியாமல் போய்விடும்போல் இருந்தது. வீட்டில் மகள் எழுத்துப் பயிற்சி நோட்டை விரித்து வைத்திருந்தாள். ஒரு பக்கத்தைக் கிழிக்கட்டுமா என்று கேட்டாள். அதில் எழுத்து அசிங்கமாக இருக்கிறதாம். “வேணாம், இருக்கட்டும். அப்பத்தான் அப்புறம் நல்லா எழுதுனது தெரியும்,” என்று வாய் தானாகச் சொல்லியது. சொல்லிவிட்டு, பிசைந்த சாதத்தையே மறுபடியும் பிசைந்துகொண்டிருந்தேன்.

மறுநாள் பூட்டின்மேல் கையை வைத்தபோது எதுவும் சொல்ல வரவில்லை. ஷட்டரைத் தூக்கினேன். மாஸ்டர் வந்ததும் பதினேழாவது கோப்பை எடுத்துக்கொண்டு போய் அவர்முன் விரித்தேன்.

“மாஸ்டர், இந்தப் பதினாலாவது அவர் போட்டது இல்ல. நான் போட்டது.”

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார்.

“அன்னைக்கு அவர் வந்தாரா?”

“வந்தாரு. ரெண்டு சுத்து நடந்தாரு. பேனாவ எறிஞ்சிட்டுப் போயிட்டாரு.”

“ஆமா. ஞாபகம் இருக்கு.” கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எனக்கு வேலை போனால் மகளின் பள்ளிக் கட்டணம் என்ன ஆகும் என்று அந்த நேரத்திலும் ஒரு மூலையில் கணக்கு ஓடியது. மாஸ்டர் நிமிர்ந்தார். “இந்த ஒண்ணு உன்ன எவ்வளவு நாளா உறுத்துது?”

“போட்ட நாள்லேர்ந்து.”

“அப்ப முப்பது ஃபைல நான் எங்க கொண்டுபோய் வைப்பேன்?” என்றார். உடனே மச்சானுக்குப் போன் போட்டு, “அதெல்லாம் வேணாம்பா, இருக்கறபடியே காட்டறோம்,” என்று சொல்லி வைத்துவிட்டார். பிறகு என்னிடம், “வர்றவங்ககிட்ட இத நான் சொல்ல மாட்டேன். நீதான் சொல்லணும். அதுக்கு முன்னாடி அவர்கிட்டப் போய்ச் சொல்லு. பேரு அவரோடது,” என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மகளையும் அழைத்துக்கொண்டு தபால்காரர் வீட்டுக்குப் போனேன். சிகிச்சை முடிந்து ஒரு வருடத்துக்கு மேலாகியிருந்தது. ஜன்னலோரம் நாற்காலியில் இருந்தார். கைத்தடி இடது பக்கம் சாய்ந்திருந்தது. வலது கால் நீட்டியபடி இருந்தது. குழறல் நன்றாகக் குறைந்திருந்தது.

“பாப்பா இப்ப என்ன கிளாஸு?”

“மூணாவது.”

“பரவாயில்லையே. நான் இன்னும் ரெண்டாவதுதான்.”

நான் நின்றுகொண்டே சொன்னேன். உட்கார்ந்தால் சொல்ல முடியாது என்று தோன்றியது. அவர் மனைவி அடுக்களை வாசலில் தம்ளரோடு நின்றுவிட்டார். தபால்காரர் முகம் இறுகியது.

“என் நடுக்கத்தையா காப்பி அடிச்சே?”

“ஆமாங்கய்யா.”

“அது ஒண்ணுதான் அன்னைக்கு எனக்குன்னு சொந்தமா இருந்துது. அதையும் விட்டுவைக்கலையா நீ?” “முப்பத்தி மூணு வருஷ சர்வீஸ்ல ஆள் இல்லாத வீட்டுக் கையெழுத்த நானே போட்டது கிடையாதும்மா. பூட்டியிருந்தா மறுநாள் போவேன். மறுபடியும் பூட்டியிருந்தா அதுக்கு மறுநாள் போவேன். நாய் கடிச்ச வீட்டுக்கும் போயிருக்கேன்.”

“ரெண்டு தடவ கடிச்சுது,” என்றார் மனைவி. “ரெண்டு தடவையும் அதே நாயி.”

“நீ சும்மா இரு.” ஆனால் முகம் இளகிவிட்டது. “நீ மறுநாள் கேட்டிருக்கலாம்ல? நான் என்ன, உன்னையா எறிஞ்சிருப்பேன்?”

“கேட்டிருக்கணும். தப்புதாங்கய்யா.”

பிறகு ஒரு தாள் கேட்டார். என் பையிலிருந்து நிறுவனத்தின் பெயர் போட்ட இலவசப் பேனாவை எடுத்து நீட்டினேன். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “அன்னைக்கு இது இல்லையே. மரக் கலர்ல ஒண்ணு இருந்துதே?”

“அது வீட்ல இருக்குங்க,” என்றேன். பொய் இல்லை. மேசை இழுப்பறையில், பிளந்த முள்ளோடு இருந்தது.

அவர் எழுதத் தொடங்கினார். என் மகள் அவர் முழங்கைக்குப் பக்கத்தில் முகவாயை ஊன்றிக்கொண்டாள். இரண்டு எழுத்துகளுக்கு ஒரு முறை கையை உதறிக்கொண்டார். நாங்கள் மூன்று பேரும் மூச்சைக்கூட மெதுவாக விட்டோம். முக்கால் மணி நேரத்தில் நான்கு வரிகள். ‘அன்று நான் வந்தேன். நடந்தேன். கோபத்தில் கையெழுத்துப் போடாமல் போனேன். இது என் கை எழுதியது.’ அடியில் முழுப் பெயர். முடித்ததும் நெற்றி வேர்த்திருந்தது. “மாஸ்டர்கிட்ட சொல்லு, இன்னைக்கு எக்ஸர்சைஸ் முடிஞ்சுதுன்னு.”

அதிகாரி ஒரு நடுவயதுப் பெண். சாப்பாட்டு டப்பாவும் கனமான பையுமாகப் பேருந்தில் வந்து இறங்கினார். காலை முழுக்கத் தலையைத் தூக்கவில்லை. பதினோரு கோப்புகளில் சிவப்புக் குறிகள் விழுந்தன. மாஸ்டர் உள்ளே எண்ணிக்கொண்டிருந்தார். ஸ்பீக்கர் வாயில் துணியை வைத்துக் கட்டியதுபோல் நடமாடினாள். பதினேழாவது கோப்பை அதிகாரி திறக்குமுன் நான் எழுந்துபோய்ச் சொன்னேன். வார்த்தை தடுக்கவில்லை. தபால்காரரின் தாளையும், அந்த ஒரு நாள் தொகையைத் திருப்பிக் கொடுப்பதாக மாஸ்டர் எழுதிய கடிதத்தையும் மேலே வைத்தேன்.

அதிகாரி என்னை ஏற இறங்கப் பார்த்தார். “இத நீங்க சொல்லலைன்னா எனக்குத் தெரிஞ்சிருக்காது. ஏன்னா மத்தது எல்லாமே சந்தேகமா இருக்கு. எதுவும் எதோடவும் சேரலையே?”

“மேடம், முதல் தாள்லேர்ந்து வரிசையா ஒரு தடவ பாருங்க. வேகமா வேணாம்.”

அவர் பார்த்தார். முதல் நாள், இரண்டாம் நாள். பத்தாவதில் விரலை வைத்துக்கொண்டு முதலுக்குத் திரும்பிப் போனார். கோடாக இருந்தது வளைவாகி, வளைவு எழுத்தாகி, எழுத்து கட்டத்துக்குள் வந்து அடங்கி, முப்பத்தாறாவது நாளில் ஒரு தபால்காரரின் பெயராக நின்றது. பிறகு, நான் சொல்லாமலே, மற்ற கோப்புகளையும் எடுத்து அதேபோல் முதலிலிருந்து புரட்டினார். சில சிவப்புக் குறிகளின் பக்கத்தில் என்னவோ எழுதினார். என்ன எழுதினார் என்று நான் எட்டிப் பார்க்கவில்லை. கிளம்பும்போது, “உங்களது ஒண்ணுலதான் நடுக்கம் கொஞ்சம் ஜாஸ்தி,” என்று மட்டும் சொன்னார். சிரித்தாரா என்று தெரியவில்லை.

மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. பதினான்காம் நாள் நிராகரிப்பு. நேரம் குறிக்காத நாட்களில் சிலவும் நிராகரிப்பு. ஒரு வருடம் எங்களைக் கண்காணிப்பில் வைப்பார்கள், கோரிக்கைகள் தொடரலாம். இனிமேல் கை தளர்ந்தவர்கள் போடும் கையெழுத்துக்குப் பக்கத்தில் ஒரு சாட்சியின் கையெழுத்தும் வேண்டும். மாஸ்டர் படித்துவிட்டுக் கடிதத்தை என்னிடம் நீட்டினார். “சாட்சி நீதான்,” என்றார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. நல்லவேளை, ஸ்பீக்கர் அப்போது மேஸ்திரியோடு சண்டையில் இருந்தாள்.

அதற்கடுத்த திங்கட்கிழமை வழக்கத்தைவிடச் சீக்கிரம் வந்துவிட்டேன். தெருவில் யாருமில்லை. கட்டட வேலையும் ஆரம்பிக்கவில்லை. பூட்டில் கை வைக்கக் குனிந்தபோது ஷட்டருக்கும் தரைக்கும் இடையில் ஒரு தபால் உறை பாதி செருகியிருந்தது. ‘வரவேற்பு மேசை’ என்று மட்டும் எழுதியிருந்தது. அனுப்பியவர் பெயர் இல்லை. ஆனால் அந்த எழுத்தை நான் முப்பத்தைந்து நாட்கள் பார்த்திருக்கிறேன்.

உள்ளே ஒரு பழுப்பு நிற மைப் பேனா, மை நிரப்பி. கூடவே அகலமான ஒரு துண்டுச் சீட்டு. அதில் ‘பெற்றுக்கொண்டவர் கையெழுத்து’ என்று எழுதி, அதற்கடியில், அளவுகோல் வைத்து ஒரு கோடு.

சீட்டை ஷட்டரின்மேல் வைத்து, என் பெயரை என் கையால் எழுதினேன். மை உலரட்டும் என்று பிடித்தபடி திரும்பியபோதுதான் படிகளைப் பார்த்தேன். இரண்டு நாள் தூசி ஒரு விரல் கனத்துக்குப் படிந்திருந்தது. பக்கத்துச் சரிவில் ஒரு தடமும் இல்லை. மூன்று படிகளிலும், இடது ஓரத்தில், கைத்தடியின் வட்டமான ரப்பர் முனை பதிந்திருந்தது, ஏறுவதற்கு ஒன்று, இறங்குவதற்கு ஒன்று. ஒவ்வொரு படியிலும் வலது கால் இழுபட்ட கோடு. கடைசிப் படியில் மட்டும் வட்டம் ஆழமாக அழுந்தியிருந்தது. அங்கே அவர் கொஞ்ச நேரம் நின்று மூச்சு வாங்கியிருக்க வேண்டும்.

துடைப்பத்தை எடுத்து, ஸ்பீக்கர் கண்ணில் படாத இடத்தில், கதவுக்குப் பின்னால் சாத்தி வைத்தேன்.